கடித்து வாங்கிய விறகு

எங்கள் ஊரில் மரத்துக்கும் தோல் உரிப்பார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரிப்பது எல்லாரும் அறிந்த சங்கதி. ஆம்பூர் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிற பட்டணத்துக்காரர்களுக்கும் தெரியும். ஆனால் உரித்த ஆட்டுத் தோலை அப்படியே வைத்தால் அழுகிவிடும். அதைப் பதப்படுத்த மரத்தின் தோல் வேண்டும். ஆவாரம்பட்டை, கொன்றைப்பட்டை, வேலம்பட்டை என்று மூட்டை மூட்டையாக வண்டியில் வந்து கிடங்குகளில் இறங்கும். பட்டையைப் பறிகொடுத்த கொம்பும் கட்டையும் விறகாகி அடுப்புக்குப் போகும். ஆகையால் எங்கள் பக்கத்து விறகு பெரும்பாலும் அம்மணமாகத்தான் வரும். பார்த்த பார்வையில் இது இன்ன மரம் என்று சொல்வது கஷ்டம்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நான் செய்த காரியத்துக்குப் பாதிப் பழியையாவது ஊர் மேல் போட்டுவிடலாம் அல்லவா.

அப்போது எனக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. தோல் கிடங்கு ஒன்றில் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிற உத்தியோகம். கிடங்கில் எல்லாரும் என்னை ரைட்டர் என்றே கூப்பிடுவார்கள். சென்னைக்கும் சீமைக்கும் ஆட்டுத் தோலின் மென்மையைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் அப்படி உருகி உருகி எழுதுவேன். அதில் நாலு வரியை வீட்டில் சொல்லியிருந்தால் என் குடித்தனம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

மனைவி ஆலங்காயத்துப் பெண். மலையடிவாரத்தில் வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் தை, மாசியிலேயே விறகு வெட்டிப் பிளந்து, பங்குனி சித்திரை வெயிலில் காயப்போட்டு, ஆடிக்கு முன்னால் உள்ளே அடுக்கிவிடுவார்களாம். ஆம்பூரில் நாங்கள் இருந்த தெருவில் அந்தப் பேச்சே கிடையாது. காலையில் விறகுத் தொட்டிக்குப் போய் அன்றைக்கு வேண்டியதை வாங்கி வந்து அன்றைக்கே எரிப்பது வழக்கம். வெயில் நாளில் அது நடக்கும். ஐப்பசி கார்த்திகையில் தொட்டியிலிருக்கிற விறகு முழுக்க நனைந்து கிடக்கும். நான் அதையும் வாங்கிக்கொண்டு வருவேன். விறகு என்றால் விறகுதானே என்பது அப்போது என்னுடைய தத்துவம்.

அந்த முதல் மழைக்காலம் முழுக்க அவள் ஊதாங்குழலும் கையுமாக அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். சமையலறையிலிருந்து இருமல் வரும், பிறகு புகை வரும், அதற்கப்புறம் வெகுநேரம் கழித்துச் சோறு வரும். அவள் கண் கோவைப்பழமாகச் சிவந்திருக்கும்.

"ஏங்க, இது மாங்கட்டை. அதுவும் பச்சை. இதை எப்டி எரிக்கிறது?"

"தொட்டிக்காரன் புளியங்கட்டைன்னு சொன்னானே?"

"அவன் சொல்லுவான். நீங்க பாக்கலியா?"

"பார்த்தேன். கட்டையா இருந்தது."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மழை நின்ற பிறகும் கண் எரிச்சல் நிற்கவில்லை. டாக்டரிடம் காட்டினோம். அவர் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு, "புகையில இருக்கக் கூடாதும்மா. இன்னொரு மழைக்காலம் இப்படிப் போச்சுன்னா கண்ணுக்கு நல்லதில்ல" என்றார். புகையில் இல்லாமல் சமைப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அவர் வீட்டிலும் வேறு யாரோதான் சமைத்திருக்க வேண்டும்.

ஆடி பிறந்தது. புதுப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகிற மாதம். அவளுடைய அண்ணன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தவள், அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன சமயம் பார்த்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"ஆடி முடிஞ்சதும் வந்துடுவேன்னு நெனச்சிக்காதீங்க."

"ஏன்?"

"ஒரு மழைக்காலத்துக்குக் காஞ்ச விறகு வீட்ல இருக்குதுன்னா சொல்லி அனுப்புங்க, வர்றேன். இல்லன்னா தை மாசம் மழை ஓஞ்சதும் பாத்துக்கலாம்."

"உங்கப்பா ஒரு வண்டி விறகு அனுப்பறேன்னு சொன்னாரே, அதை வாங்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தால் அந்த நிமிஷமே காரியம் முடிந்திருக்கும். மாமனார் இரண்டு முறை சொல்லியனுப்பினார். இரண்டு முறையும் வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். பெண்ணைக் கொடுத்தவரிடம் விறகும் வாங்கினால் ரைட்டருடைய கௌரவம் என்ன ஆவது? அந்தக் கௌரவம் பிறகு என்ன ஆயிற்று என்பதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பழைய செய்யுள்களில் ஒரு வழக்கம் உண்டு. தலைவன் பொருள் தேடப் போவான். கார்காலத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போவான். தலைவி வீட்டிலிருந்து மேகத்தைப் பார்ப்பாள், மெலிவாள், கைவளை கழன்று விழும். அதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டு மார்க்கு வாங்கியவன் நான். என் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். போனவள் தலைவி. கார்காலக் கெடு வைத்தவளும் அவள். வீட்டில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தவன் நான். கையில் வளை இல்லாததால் கழன்று விழ எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கடைச் சோற்றில் சற்றுப் பருத்துப்போனதாகக்கூட ஞாபகம்.

ஆனால் வீடு இருந்த இருப்பு வேறு. அடுப்புச் சாம்பல் ஆறிப்போய்க் கிடந்தது. அதில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து சுருண்டு படுத்துக்கொள்ளும். எரிகிற அடுப்பில் பூனை படுக்காது. ஆகவே நான் வேலையிலிருந்து திரும்பிக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பூனையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் ஊதாங்குழலை எடுத்து ஊதிப் பார்த்தேன். பூனை எழுந்து போயிற்று. நான் அதே இடத்தில் அவள் குந்துகிற மாதிரி குந்திக்கொண்டு, எதிரே அவள் தினமும் பார்த்த கரிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க அதில் ஒன்றுமே இல்லை.

நாள் முழுக்கத் தோல் நாற்றத்திலும் சுண்ணாம்பு நாற்றத்திலும் ஊறிய மூக்கு என்னுடையது. ரோஜாவை நீட்டினாலும் அதற்கு உறைக்காது. அந்த மூக்குக்கு எட்டின ஒரே வாசனை அவள் புடவையில் ஒட்டியிருந்த புகை. அவள் இருந்தபோது, "என்ன இப்படிப் புகை நாத்தம்?" என்று கேட்டிருக்கிறேன். அவள் போன பிறகு கொடியில் விட்டுப் போன பழம்புடவை ஒன்றில் அது இருந்தது. சாயங்காலம் அந்தக் கொடிப் பக்கமாகவே நடப்பேன். இப்போது என் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்கிறது. பம்பை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தால் நீலமாக எரியும், புகையே கிடையாது. அவள்தான் இல்லை. அவள் இருந்தவரைக்கும் ஸ்டவ் வாங்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, விறகுக்கு வருகிறேன்.

முதலில் கிடங்கிலேயே கிடைத்த ஆவாரங்குச்சியைக் கொண்டுபோய்க் கொல்லையில் அடுக்கினேன். பட்டை உரித்து வெள்ளை வெளேரென்று, எலும்புபோல் காய்ந்து கிடந்தது. இவ்வளவு சுலபமா என்று மார்தட்டிக்கொண்டு, சோதனைக்குக் கொஞ்சம் பால் காய்ச்சிப் பார்த்தேன். நெருப்பு வைத்ததும் குப்பென்று ஆள் உயரத்துக்கு எரிந்தது. மீசை கருகியது. நான் பின்னால் நகர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. பால் சில்லென்று அப்படியே இருந்தது.

மறுநாள் இதைக் கிடங்கில் பாயிடம் சொன்னேன். பாய் எங்கள் கிடங்கில் பட்டை பார்க்கிறவர். என் வயதுதான், எனக்கு நெருங்கிய தோஸ்த். வண்டியில் பட்டை வந்ததும் மூட்டைக்கு ஒரு துண்டு எடுத்துக் கடித்து, மென்று, கண்ணை மூடிக்கொண்டு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்ப்பார். துவர்ப்பு எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "கம்மி" என்றால் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான். துவர்க்கிற பட்டைதான் தோலை இறுக்கும். அவரோடு சேர்ந்து சேர்ந்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பல்குச்சியைக்கூட மூன்று விதமாகக் கடித்து எடைபோட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பேன்.

"ரைட்டரே, இதுக்கா இவ்ளோ பேஜார்?" என்றார் பாய். "விறகும் மரந்தானே? கடிச்சுப் பாருங்க. துவர்ப்பு ஜாஸ்தின்னா மரத்துல சத்து ஜாஸ்தி. சத்து ஜாஸ்தின்னா நின்னு எரியும்."

"நிஜமாவா?"

"தோலையே இறுக்குது. நெருப்பை இறுக்காதா?"

இந்த நியாயத்தில் எங்கே ஓட்டை என்று இன்றைக்கு எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் தோல் கிடங்கில் வேலை பார்க்கிறவனுக்கு அது வேதவாக்கு. எங்கள் உலகத்தில் நல்லது என்பதெல்லாம் துவர்க்கும். "உங்க வீட்ல எப்படி?" என்று கேட்டேன். "விறகு சங்கதியெல்லாம் எங்க பீவி பாத்துக்குது, எனக்கின்னா தெரியும்?" என்றார். அந்தப் பதிலிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அந்த வாரமே மலைப் பக்கத்திலிருந்து ஒரு விறகு வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. வண்டிக்காரன் வாய் ஓயாத ஆள். வண்டியில் இரண்டு வகைக் கட்டை இருந்தது. முன்னால் பட்டை உரித்த மெல்லிய கட்டைகள். சிவந்து, முறுக்கிக்கொண்டு, கல்லுபோல இருந்தன. பின்னால் தடித்த உருண்டைக் கட்டைகள், பட்டையோடு, சாம்பல் நிறத்தில் வழவழவென்று.

"இது வேலங்கட்டை, ரைட்டரே" என்றான் முன்னாலிருந்ததைக் காட்டி. "பட்டை கிடங்குக்குப் போய்ட்ச்சு."

"பட்டை இல்லாமல் எப்படிக் கடிப்பது?"

வண்டிக்காரன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "கடிக்கணுமா?"

"கடித்துத்தான் வாங்குவேன்."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. விற்க முடியாத சரக்குக்கு ஆள் கிடைத்துவிட்டவனின் வெளிச்சம் அது. எனக்கு அது மரியாதையாகத் தெரிந்தது. பின்னாலிருந்த கட்டையில் ஒரு துண்டுப் பட்டையைச் செதுக்கிப் பவ்வியமாகக் கையில் கொடுத்தான். கடித்தேன். வாய் முழுக்க இறுகிக்கொண்டது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு கீழே வர மறுத்தது. இவ்வளவு துவர்ப்பை நான் ஆவாரம்பட்டையில்கூடப் பார்த்ததில்லை.

"இன்னா மரம் இது?" என்று கேட்க முயன்றேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"நல்ல ஜாதி மரம், ரைட்டரே. எல்லாருக்கும் குடுக்க மாட்டேன். உங்க நாக்கு நாக்கா, தராசா!"

வண்டியிலிருந்த பட்டைக் கட்டை முழுவதையும் இறக்கச் சொன்னேன். வேலங்கட்டையை அவன் திருப்பி ஓட்டிக்கொண்டு போனான். அதற்கப்புறம் ஆடி முடிவதற்குள் இன்னும் ஒரு வண்டி அதே மரத்தை அவனே கொண்டுவந்து இறக்கினான். ஊரிலேயே வேறு யாருக்கும் அவன் அதைக் கொடுக்கவில்லை. அந்த மட்டில் அவன் சொன்னது உண்மை.

கோடாலி இரவல் வாங்கி நானே பிளந்தேன். அது ஒரு பெருமையான காலம். ஓங்கிப் போட்டால் கோடாலி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. கணுவே கிடையாது. எனக்கு உடம்பில் இவ்வளவு பலம் இருந்தது இத்தனை நாளும் தெரியாமல் போயிற்றே என்று ஆச்சரியப்பட்டேன். கைமாற்றிக் கைமாற்றி வெட்டிவிட்டு, துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் இப்போது கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அந்தக் கதவையே பார்ப்பேன். கதவில் பூனை உட்கார்ந்திருக்கும்.

பிளந்ததைவிடப் பிளக்காதது அதிகம். கை கொப்புளம் கண்டதும், தடித்த கட்டைகளை அப்படியே விட்டுவிட்டேன். குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுப் போக அடுக்க வேண்டும் என்று அவள் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. அடுக்கிப் பார்த்தேன், உருண்டைக் கட்டை, சரிந்து சரிந்து காலில் விழுந்தது. ஆகவே கொல்லைச் சுவரோரமாக மண்ணை லேசாகக் கிளறி, ஒவ்வொரு கட்டையையும் நட்டு வைத்ததுபோல் வரிசையாக நிறுத்தினேன். பட்டையை உரிக்கவில்லை. சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது. நிறுத்தி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய வாத்தியார்போல் இருந்தது. அவ்வளவும் அவளுக்காக. மாமனார் வீட்டு விறகு ஒரு சுள்ளிகூட இல்லை.

ஆலங்காயம் திரும்புகிற வண்டிக்காரனிடமே சொல்லி அனுப்பினேன். "ஒரு மழைக்காலத்துக்கு விறகு தயார்னு சொல்லு. நானே பிளந்ததுன்னும் சொல்லு." அடுத்த முறை வந்தபோது பதில் கொண்டுவந்தான்.

"சொன்னேன், ரைட்டரே. இன்னா மரம்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நல்ல ஜாதின்னேன். ஒண்ணோடொண்ணு தட்டினா கணீர்னு சத்தம் வருதான்னு கேக்கச் சொன்னாங்க. புரட்டாசி கடைசியில அண்ணங்கூட வர்றாங்களாம்."

கடைசி வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் என் காதில் விழவில்லை. சாயங்காலம் ஞாபகம் வந்து இரண்டு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். பூசணிக்காயைத் தட்டினதுபோல் 'தொப்' என்றது. உள்ளே சத்து நிறைந்திருப்பதால் சத்தம் வெளியே வர இடமில்லை என்று முடிவு செய்தேன்.

ஆவணியில் சாயங்கால மழை ஆரம்பித்தது. பகலில் வெயில் காயும், பொழுது சாயும்போது இடி இடித்து ஒரு பாட்டம் பெய்யும். மேலே தென்னங்கீற்று போட்டு மூடியிருந்தேன். ஓரங்கள் நனைந்தன. நனைந்தால் காய்ந்துவிடும் என்றிருந்தேன்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒரு காலை பல் தேய்த்துக்கொண்டே கொல்லைக்குப் போனவன் கட்டைகளின் மேல் சின்னச் சின்னதாகச் சிவந்த முண்டுகளைப் பார்த்தேன். பூச்சி என்று நினைத்துத் துடைப்பத்தால் தட்டினேன். போகவில்லை. ஓரிரு நாளில் அது பூச்சி இல்லை என்று தெரிந்துவிட்டது. வாரம் திரும்புவதற்குள் என் விறகெல்லாம் இலை விட்டுவிட்டது.

பாயை அழைத்துக்கொண்டு வந்து காட்டினேன். அவர் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். தளிர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். வழக்கம்போல் ஒரு துண்டுப் பட்டையைப் பிய்த்துக் கடித்தார்.

"துவர்ப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா ரைட்டரே, நீங்க விறகு வாங்கல. தோப்பு வாங்கிட்டீங்க."

"இப்போது என்ன செய்வது?"

"தண்ணி ஊத்துங்க" என்றார் அந்தப் புண்ணியவான்.

கிள்ளி எறிந்தேன். காலையில் கீரை ஆய்வதுபோல் உட்கார்ந்து ஒவ்வொரு தளிராகக் கிள்ளுவேன். கிடங்குக்குப் போய்விட்டு வருவதற்குள் பக்கத்தில் இரண்டு முளைத்திருக்கும். பிளந்து போட்டிருந்த துண்டுகளில் ஒன்றை அடுப்பில் வைத்துப் பார்த்தேன். அது எரியவில்லை. ஓரத்தில் நுரை கட்டி, 'ஸ்ஸ்' என்று அழுது, அறை முழுக்கப் புகையை நிரப்பிவிட்டு அணைந்தது. அவளுக்காக நான் சேர்த்து வைத்திருந்தது இரண்டு வண்டிப் புகை. வராதே என்று சொல்லி அனுப்பலாமா என்று யோசித்தேன். வண்டிக்காரன் அந்த வாரம் கண்ணிலேயே படவில்லை. அவன் வந்திருந்தாலும் அந்த வார்த்தையை என்னால் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். அவள் வருகிறாள் என்று எண்ணி எண்ணி இரண்டு மாதம் ஓட்டியவன் நான்.

அவர்கள் வந்தது நான் லீவு போட்டிருந்த ஒரு மத்தியானம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஓடினேன். அண்ணன் நுகத்தடியில் கை வைத்தபடி நின்றிருந்தார். வண்டி நிறைய வைக்கோல், அதன்மேல் அவள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கண் தெளிவாக இருந்தது. வெள்ளையும் கறுப்புமாக அவள் கண்ணை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் தலை நிமிரவில்லை, அப்புறம் புகை வந்துவிட்டது.

இறங்கினவள் என்னைப் பார்த்து, "விறகு எங்க?" என்றாள்.

"முதலில் தண்ணி குடி. கால் கையை அலம்பு. ரொம்ப தூரம்..."

"கொல்லையிலதானே?"

போய்விட்டாள். அண்ணனும் பின்னாலேயே போனார். நான் கடைசியாகப் போனேன். அன்று காலை கிள்ளின இடத்திலெல்லாம் புதுசாகத் துளிர்த்து, மழை பெய்து கழுவிவிட்டதால் பளபளவென்று, என் விறகு சுவரோரமாக வரிசை கட்டி நின்றது.

அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். "மாப்ளே... இது ஒதிய மரம்."

"அப்படியா?"

"எங்க ஊர்ல வேலிக்கு நடுவோம். வெட்டி நட்டா அதும்பாட்டுக்கு வளரும். எருமைகூட இதுல முதுகு தேய்க்காது." அதற்கப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யார் மாப்ளே பொறுக்கிக் குடுத்தது?"

"நானேதான்" என்றேன். "கடித்துப் பார்த்து வாங்கினேன்."

அவர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. வரிசையோடு மெள்ள நடந்தாள். ஒரு கட்டையின் பக்கத்தில் குனிந்து நான் வெட்டின இடத்தை விரலால் தடவினாள். என் உள்ளங்கையில் காய்த்துப்போயிருந்த கொப்புளத்தை நான் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அண்ணன் ஒருவழியாக எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தா, மாடு வாசல்ல பூட்டினபடி நிக்குது. அவுக்கட்டா, வேணாமா? சொல்லு. இப்பவே கிளம்புனா இருட்டறதுக்குள்ள பாதி வழி போய்டலாம்" என்றார்.

அவள் பதில் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். நான் அதைக் கேட்க நிற்கவில்லை. "ஒரு நிமிஷம், இதோ வந்துட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கொல்லைக் கதவு வழியாகத் தெருவில் இறங்கி ஓடினேன்.

பாய் வீடு அடுத்த தெரு. கதவைத் தட்டினேன். அவர் கிடங்கில் இருந்தார். உள்ளேயிருந்து அவர் பீவியின் குரல் மட்டும் வந்தது. விஷயத்தைச் சொன்னேன். நான் ஒதிய மரம் வாங்கின கதை ஏற்கெனவே அந்த வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கட்டுக் காய்ந்த புளியங்கட்டை திரைக்கு வெளியே வந்தது.

"எங்க ஆளு சொல்லித்தானே கடிச்சீங்க?" என்றது குரல். "அவருக்குச் சாப்பிடத்தான் தெரியும், பாய் சாப். இனிமே என்னைக் கேளுங்க."

கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பாதித் தெருவிலேயே மூச்சு வாங்கியது. அப்புறம் நடந்தேன். அதற்கப்புறம் ரொம்பவும் மெதுவாக நடந்தேன். வண்டி போய்விட்டிருந்தால், போய்விட்டது என்று கொஞ்சம் கழித்துத் தெரிந்துகொண்டால் போதும் என்று தோன்றியது. எங்கள் தெருமுனைக்கு வந்தும் தலையை நிமிர்த்தவில்லை. விறகுக் கட்டைத் தோள் மாற்றிப் போடுகிற சாக்கில்தான் நிமிர்ந்தேன்.

என் வீட்டு ஓட்டுக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அதிகம் இல்லை. நீலமாக, நூல்போல, நேராக. ஆடியிலிருந்து அந்த ஓட்டின் மேல் காக்கை தவிர எதுவும் எழும்பிப் பார்த்ததில்லை. நான் அங்கேயே நின்றேன். போகிற வருகிறவர்கள், ரைட்டர் என்ன தோளில் விறகோடு வானத்தைப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டு போனார்கள்.

வாசலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தது. வண்டியில் வைக்கோல் பாதிக்கு மேல் கீழே இறங்கியிருந்தது. அதற்கடியில், பட்டை உரித்த சிவந்த கட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. அண்ணன் அவற்றை இறக்கிக்கொண்டிருந்தார். தட்டினபோது கணீர் என்றன.

சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊதாங்குழல் அந்தப் பக்கம் கிடந்தது. அதற்கு வேலை இல்லை.

"உங்கப்பா அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா அனுப்பல. ரெண்டு மாசமா நானே பொறுக்கி நானே காயவச்சது. இது என் விறகு" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

"நான்தான் தயார்னு சொல்லி அனுப்பினேனே?"

"நல்ல ஜாதின்னு சொல்லி அனுப்புனீங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு." அப்புறம்தான் சிரிப்பு வந்தது அவளுக்கு. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல், வெகு நேரம். அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "கடிச்சா பாத்தீங்க?"

"ஆமாம்."

"கையைக் காட்டுங்க."

காட்டினேன். பார்த்தாள். தீயை உள்ளே தள்ளிவிட்டு, "போய்க் கால் அலம்பிட்டு வாங்க. அதுக்குள்ள சோறு வடிச்சிடறேன்" என்றாள்.

உடனே கால் அலம்பப் போனேன். பசி வேறு. இப்போது நினைத்துப் பார்த்தால், அவ்வளவு அவசரப்பட்டு வீட்டுக்குள் வந்திருக்க வேண்டாம், அந்தத் தெருமுனையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்று அந்தப் புகையைப் பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது.